களக்காட்டு மலையில் விழுந்த விமானம்: ஊரை விடுங்கள், செத்தவர்களைத் தேடுங்கள்

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் களக்காட்டுக்கு மேற்கே மலையில் ஒரு வெள்ளைக்காரன் விமானம் விழுந்தது, ஐந்து பேர் செத்தார்கள், நம்மூர் ஆட்கள்தான் டோலி கட்டிப் பிணங்களை இறக்கினார்கள் என்று இவருடைய தாத்தா சொல்லியிருக்கிறார். வீட்டுப் பரணில் ஒரு அலுமினியத் தகடு கிடக்கிறது. இணையத்தில் திருநெல்வேலி என்றும் டின்னவெலி என்றும் போட்டுப் பார்த்தாராம், ஒன்றும் சிக்கவில்லை. "அண்ணாச்சி, இது நடந்ததா இல்ல சும்மா கதையா, நடந்திருந்தா எந்த ஆவணத்துல இருக்கும்?" இதுதான் கேள்வி.

நடந்ததா என்று நான் உட்கார்ந்த இடத்தில் இருந்து சொல்ல முடியாது. நடந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று மட்டும் சொல்வேன். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டான். போர்க் காலத்தில் இந்தப் பக்கம் சூலூர், சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, நம் காயத்தாறு என்று ஓடுதளங்கள் வந்தன. அந்தப் பக்கம் இலங்கையில் இரத்மலானை, கொக்கல, சீனன்குடா, வவுனியா. கொழும்பிலிருந்து திருவனந்தபுரத்துக்கோ கொச்சிக்கோ போகிற விமானம் கொஞ்சம் வழி தவறினால் நம் மலைதான் எதிரே நிற்கும். பொதிகை உச்சி 1,868 மீட்டர். ஆனி, ஆடியில் அந்த மலை மேகத்துக்குள் எப்படிக் காணாமல் போகும் என்று களக்காட்டுக்காரருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. நம் பக்கத்தில் எதிரி விமானத்தோடு வானத்தில் சண்டை நடக்கவில்லை. விழுந்தவை மேகத்தாலும் இன்ஜின் கோளாறாலும் பயிற்சியிலும் வழி தப்பியும்தான் விழுந்திருக்கும். சண்டையில் போனதைவிட விபத்தில் போனதைத் தேடுவது கஷ்டம், ஏனென்றால் விபத்துக்கு யாரும் வரலாறு எழுதி வைப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரித் தேடலில் எல்லாரும் செய்கிற முதல் தப்பு ஊர்ப்பெயரில் தொடங்குவது. நானும் அதைத்தான் செய்தேன். எனக்கு வேண்டிய ஒருவருக்காக இதே மாதிரி ஒன்றைத் தேடப்போய் இரண்டு வருஷம் டின்னவெலி, பாளம்கோட்டா, அம்பாசமுத்திரம் என்று ஒவ்வொரு எழுத்துக்கூட்டலாகப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து விமானப்படை எழுத்தருக்கு நாங்குநேரியும் தெரியாது, களக்காடும் தெரியாது. அவர் முன்னால் இருக்கிற படத்தில் பெரிதாக என்ன பெயர் போட்டிருக்கிறதோ அதிலிருந்து எத்தனை மைல், எந்தத் திசை என்று எழுதுவார். படத்தை எடுத்து நீங்களே அளந்து பாருங்கள்: களக்காடு கன்னியாகுமரிக்கு நேர் வடக்கே ஏறக்குறைய 30 மைல், திருவனந்தபுரத்துக்கு நேர் கிழக்கே ஏறக்குறைய 40 மைல். ஆகவே உங்கள் விமானம் ஆவணத்தில் "கேப் கொமொரினுக்கு வடக்கே 30 மைல்" என்றோ "ட்ரிவாண்ட்ரத்துக்குக் கிழக்கே 40 மைல்" என்றோதான் இருக்கும். இரண்டையும் படிக்கிறவன் திருவிதாங்கூர் சங்கதி என்று நினைத்துத் தள்ளிவிட்டுப் போய்விடுவான். அதிலும் விமானிகள் மைல் என்றால் சில இடத்தில் கடல் மைல்; அது சாதாரண மைலைவிட 15 சதவீதம் கூட. சில ஆவணங்களில் பெயரே இருக்காது, அட்சரேகை தீர்க்கரேகை மட்டும்தான். இந்திய சர்வே படத்தில் நம் பகுதி 58 எச் தாளில் வரும், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஊர் கைகொடுக்காது என்றால் என்ன கைகொடுக்கும்? தேதி. அப்புறம் செத்தவர்களின் பெயர். பெயருக்குப் போவதற்குத் தேதிதான் வழி.

தாத்தா தேதி சொல்லியிருக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். ஆனால் நம் பெரியவர்கள் ஒரு சம்பவத்தை இன்னொரு சம்பவத்தில் கட்டி வைத்திருப்பார்கள். நீங்கள் கேட்கிற கேள்வியை மாற்ற வேண்டும். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். கொழும்பில் குண்டு விழுந்து நம் ஆட்கள் தூத்துக்குடிக்குக் கப்பலேறி வந்தார்களே, அதற்கு முன்னாலா பின்னாலா? அது 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. குலசேகரன்பட்டினத்தில் வெள்ளைக்கார உப்பு அதிகாரி லோன் துரையைக் கொன்ற கேஸ் நடந்தபோதா? கொலை 1942 செப்டம்பரில், வழக்கு அதற்குப் பிறகு. நெல் அறுப்பா, நடுகையா? மலையில் தண்ணீர் விழுந்த காலமா, வறண்ட காலமா? சொரிமுத்தையன் கோயில் ஆடி அமாவாசைக்குப் போனவர்கள் பார்த்தார்கள் என்று யாராவது சொன்னால் உங்களுக்கு அதிர்ஷ்டம், பஞ்சாங்கத்தை வைத்து நாளையே சொல்லிவிடலாம். 1944-இல் ஆடி அமாவாசை ஜூலை 20. அன்றைக்குச் சூரிய கிரகணம் வேறு. "கிரகணத்துக்கு மறுநாள்" என்று ஒரு கிழவி சொன்னால் அது எந்தக் கோப்பையும்விடப் பெரிய துப்பு.

வீட்டில் பழைய கணக்கு நோட்டு, பிரமாணப் பத்திரம், ஜாதகம் எதிலாவது குறிப்பு இருந்தால் ஆண்டு கொல்லம் ஆண்டாக இருக்கலாம். நம் பக்கம் ஆவணியில் பிறக்கிற கணக்கு. கொல்லம் 1119 என்றால் 1943 ஆகஸ்ட் நடுவிலிருந்து 1944 ஆகஸ்ட் நடுவரை. தமிழ் வருஷப் பெயர் இருந்தால் சித்திரபானு 1942-43, சுபானு 1943-44, தாரண 1944-45, பார்த்திப 1945-46. இன்னொரு சின்ன விஷயம், பலரும் இதில் வழுக்கி விழுவார்கள்: 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். ஆவணத்தில் நேரம் லண்டன் கணக்கா, இந்தப் போர்க்காலக் கணக்கா என்று பார்க்காமல், தாத்தா சொன்ன "உச்சி வெயில்" பொருந்தவில்லை என்று ஒரு நல்ல பதிவைத் தள்ளிவிடக் கூடாது.

தேதி இரண்டு மூன்று மாதத்துக்குள் அடங்கியதும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலுக்குப் போங்கள். காசு கிடையாது. விமானப்படை என்றும், தேதி இந்த நாளிலிருந்து அந்த நாள் வரை என்றும் சலித்து, சென்னைப் போர்க் கல்லறையை முதலில் பாருங்கள். நந்தம்பாக்கத்தில் இருக்கிறதே, அதுதான். அது 1952-இல் உண்டானது. தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் சின்னச் சின்ன ஊர்க் கல்லறைகளில் கிடந்த படைவீரர்களை, அங்கே பராமரிக்க ஆள் இருக்காது என்று தோண்டி எடுத்து ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். களக்காட்டிலோ பாளையங்கோட்டையிலோ புதைத்த ஆளும் இப்போது அங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே தேதியில் ஐந்து பேர், பக்கத்துப் பக்கத்துக் கல்லறை, அதில் ஒருவர் விமானி, ஒருவர் நாவிகேட்டர், ஒருவர் ஒயர்லெஸ் ஆபரேட்டர் என்று வந்தால் கிட்டத்தட்ட உங்கள் குழுவைப் பிடித்துவிட்டீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் உள்ளே போனால் ஸ்கேன் செய்த பழைய படிவங்கள் இருக்கும். மாற்றிப் புதைத்த ஆளாக இருந்தால், முதலில் எங்கே புதைத்தார்கள் என்று காட்டுகிற படிவமும் அதில் இருக்கலாம். பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், அந்தப் படிவத்தைத் திறந்து பாருங்கள். அங்கேதான் நம் ஊர்ப்பெயர் முதல் தடவையாகத் தலைகாட்டும், அதுவும் அடையாளம் தெரியாத எழுத்துக்கூட்டலில்.

உடல் கிடைக்காதவர்கள் என்றால் சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் பெயர் இருக்கும், தெற்காசியா முழுக்கக் காணாமல் போன விமானப்படையினருக்கு அதுதான் இடம். உங்கள் தாத்தா கதையில் பிணங்களை இறக்கினார்கள் என்று வருவதால் முதலில் சென்னை, அப்புறம் கிராஞ்சி. இந்திய விமானப்படை ஆட்களாக இருந்து எரியூட்டியிருந்தால் கல்லறையே இருக்காது, ஏதாவது ஒரு நினைவுச் சுவரில் பெயர் மட்டும் நிற்கும். அவர்களைத் தேடும்போது 1945 மார்ச்சுக்கு முன்னால் இந்தியன் ஏர் ஃபோர்ஸ், அதற்கு அப்புறம் ராயல் இந்தியன் ஏர் ஃபோர்ஸ் என்பதை மனதில் வையுங்கள். எல்லாம் வெள்ளைக்காரன் என்று ஊரில் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் இந்தப் பதிலிலேயே உருப்படியான விஷயம். பெயர் கிடைத்ததும் அதில் ஒரு ஆஸ்திரேலியன் இருக்கிறானா என்று பாருங்கள். பிரிட்டிஷ் விமானம்தானே, ஆஸ்திரேலியன் எங்கே வந்தான் என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் ஒரே விமானத்தில் இங்கிலாந்துக்காரன், கனடாக்காரன், ஆஸ்திரேலியன், நியூசிலாந்துக்காரன் என்று கலந்துதான் பறந்தார்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ705 என்று ஒரு தொடர் இருக்கிறது. அவர்களுடைய விமானப்படையில் செத்தவன், காணாமல் போனவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு கோப்பு. பெரும்பாலானதை ஸ்கேன் செய்து இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள், பாளையங்கோட்டையில் உட்கார்ந்தே முழுக் கோப்பையும் புரட்டலாம். அம்மாவுக்குப் போன தந்தி, அம்மா திரும்ப எழுதிய கடிதம், பையனுடைய கைக்கடிகாரமும் ஷேவிங் செட்டும் எங்கே போனது என்ற பட்டியல், விபத்து பற்றி யூனிட் அனுப்பிய அறிக்கை, உடலை எங்கே யார் அடக்கம் செய்தார்கள் என்ற தகவல், சில கோப்பில் கல்லறையின் போட்டோ, எல்லாம் அதில் கிடக்கும். பிரிட்டிஷ்காரன் தன் விசாரணைக் காகிதத்தைப் பெரும்பாலும் அழித்துவிட்டான். ஆனால் அதன் நகலை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியிருந்தால் அங்கே அது பத்திரமாக இருக்கிறது. ஐந்து பேரில் நாலு பேரைப் பற்றி லண்டனில் ஒரு வரிகூட இல்லாமல், ஐந்தாவது ஆளின் கோப்பில் ஐந்து பேருடைய கதையும் கிடைப்பது இந்தத் துறையில் சாதாரணம்.

ஆஸ்திரேலியன் இல்லாவிட்டால் கனடாக்காரன். போரில் இறந்தவர்களின் பணிக் கோப்புகளைக் கனடா நூலக ஆவணக் காப்பகம் டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. பணி எண்ணுக்கு முன்னால் ஜே என்றோ ஆர் என்றோ எழுத்து இருந்தால் ஆள் கனடா என்று வைத்துக்கொள்ளுங்கள், ஜே அதிகாரி, ஆர் மற்றவர்கள்.

ஐந்தும் இங்கிலாந்துக்காரர்கள் என்றால் வேலை நீளும். லண்டனில் ஹெண்டன் என்ற இடத்தில் உள்ள ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியத்தில் ஃபார்ம் 1180 என்று விபத்து அட்டைகள் இருக்கின்றன. ஒரு விபத்துக்கு ஒரு அட்டை. விமான வகை, அதன் எண், யூனிட், விமானி எத்தனை மணி நேரம் பறந்தவர், அந்த வகை விமானத்தில் எத்தனை மணி நேரம், காரணம் என்ன என்று நாலு வரியில் சுருக்கெழுத்து மாதிரி எழுதியிருப்பார்கள். விமான வகையும் தேதியும் கொடுத்து மின்னஞ்சலில் கேட்கலாம். காரணம் என்ற இடத்தில் "விமானியின் தவறு" என்று இருந்தால் அதை வேதவாக்காக எடுக்காதீர்கள். செத்தவன் வந்து பதில் சொல்லப் போவதில்லை, அதனால் பழி அவன் மேல் எழுதுவது எந்த ஆபீசிலும் சுலபம். நாற்பது வருஷம் ரெக்கார்டு ரூமில் இருந்தவன் சொல்கிறேன்.

அடுத்தது லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம். ஸ்குவாட்ரன்களின், அதாவது விமானப்படைப் பிரிவுகளின், நாட்குறிப்பு ஏ.ஐ.ஆர். 27 என்ற தொடரில் இருக்கிறது, பெரும்பகுதி ஸ்கேன் செய்தாயிற்று. இதில் இரண்டு படிவம் உண்டு. ஃபார்ம் 540 மாத நடப்பு: யார் வந்தார், யார் மாற்றலாகிப் போனார், மழை பெய்தது, ஹாக்கி ஆடினோம். ஃபார்ம் 541 ஒவ்வொரு பறப்பும்: விமான எண், ஆட்கள், ஏறிய நேரம், இறங்கிய நேரம். இறங்கிய நேரம் காலியாக இருக்கிற வரியைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள். ஆனால் ஒன்று. விமானத்தை ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குக் கொண்டுபோய் ஒப்படைக்கிற வேலையில் விழுந்திருந்தால் எந்த ஸ்குவாட்ரன் குறிப்பிலும் வராது, அது அப்போது எந்த ஸ்குவாட்ரனுக்கும் சொந்தமில்லை. அதற்கு ஏ.ஐ.ஆர். 29-இல் சில்லறை யூனிட்டுகளைப் பார்க்க வேண்டும். எந்த யூனிட் என்றே தெரியவில்லை என்றால் மேலிடத்துக் குறிப்பைப் படியுங்கள், ஏ.ஐ.ஆர். 25. தென்னிந்தியாவுக்கு 225-ஆம் குரூப், தலைமை பெங்களூரில். இலங்கைக்கு 222-ஆம் குரூப், கொழும்பில். உங்கள் மாதத்துக்கு இரண்டையும் படித்துவிடுங்கள். காணாமல் போன விமானத்தைத் தேடப் போனால் அந்த உத்தரவின் தடம் அங்கே தெரியும்.

விமானத்தின் நடமாட்ட அட்டை, ஃபார்ம் 78, என்று ஒன்றைப் பற்றி யாராவது சொல்வார்கள். இந்தியாவுக்கு வந்த விமானங்களுக்கு அதனால் பெரிய பலன் இல்லை. கப்பலேற்றியதும் எழுத்து நின்றுவிடும், கடைசியில் கணக்கிலிருந்து நீக்கிய தேதி ஒன்று இருக்கும். அது விழுந்த தேதி கிடையாது, குமாஸ்தாவுக்குக் காகிதம் வந்து சேர்ந்த தேதி. இதைப் பார்த்துத் தேதியைத் தப்பாகப் பிடித்தவர்கள் நிறையப் பேர்.

அமெரிக்க விமானமாக இருந்தால் வேறு கதை. அவர்களுடைய பெரிய நடமாட்டம் அசாமிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்கு, நம் பக்கம் குறைவு, ஆனால் வராமல் இல்லை. 1944 ஆகஸ்டில் சுமத்திராவின் பாலெம்பாங்கைத் தாக்க பி-29 விமானங்கள் சீனன்குடாவிலிருந்துதான் கிளம்பின. 1943 முதல் காணாமல் போன ஒவ்வொரு விமானத்துக்கும் அவர்கள் ஒரு அறிக்கை எழுதினார்கள், எம்.ஏ.சி.ஆர். என்று சுருக்கிச் சொல்வார்கள். அதில் இன்ஜின் எண்களையும் துப்பாக்கி எண்களையும்கூட எழுதியிருப்பார்கள். மலையில் கிடக்கிற ஒரு இன்ஜினின் எண் கிடைத்தால் நேராக ஒப்பிட்டுவிடலாம். காணாமல் போகாமல் எல்லாரும் பார்க்க விழுந்திருந்தால் அதற்குத் தனி விபத்து அறிக்கை, அலபாமாவில் மேக்ஸ்வெல் தளத்தில் உள்ள விமானப்படை வரலாற்று நிறுவனத்தில். தனிநபர் பணிப் பதிவை நம்பிப் போகாதீர்கள், 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் கட்டடத்தில் பிடித்த தீயில் அவர்களுடைய தரைப்படைப் பதிவுகளில் பெரும்பகுதி எரிந்துபோயிற்று, அப்போது விமானப்படையும் அதில் அடக்கம். அமெரிக்கர்கள் போர் முடிந்ததும் தங்கள் ஆட்களின் உடல்களை இங்கிருந்து எடுத்துக்கொண்டு போனதால் நந்தம்பாக்கத்தில் தேடியும் பயனில்லை.

பிரிட்டிஷ் கடற்படை விமானம் என்று ஒரு மூன்றாவது சாத்தியமும் இருக்கிறது, எல்லாரும் மறப்பார்கள். கோயம்புத்தூரில் அவர்களுக்கு எச்.எம்.எஸ். கருடா என்ற பெயரில் பழுதுபார்க்கும் நிலையம் இருந்தது, இலங்கையிலும் தளங்கள் இருந்தன. அந்த ஆட்கள் விமானப்படைப் பட்டியலில் வரமாட்டார்கள், கடற்படையில் பார்க்க வேண்டும்.

இனி உள்ளூர். நான் கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம், ஆனால் எழுதுவதற்குச் சந்தோஷமான செய்தி குறைவு. மலையில் விமானம் விழுந்தால் கிராம முன்சீப் தாசில்தாருக்கு எழுதுவார், தாசில்தார் கலெக்டருக்கு. வயலில் விழுந்திருந்தால் பயிர் நஷ்டஈடு என்று ஒரு கோப்பு திறக்கும். முடிந்ததும் அதன் முகப்பில் ஒரு முத்திரை விழும். ஆர்.டிஸ் என்றால் நிரந்தரமாக வைப்பது, டி.டிஸ் என்றால் பத்து வருஷத்தில் அழிப்பது. நஷ்டஈடு, சுமைகூலி மாதிரி சமாச்சாரத்துக்கு யாரும் ஆர்.டிஸ் போடமாட்டார்கள். ஆகவே கோப்பைத் தேடி அலைய வேண்டாம். கோப்பு அழிந்தாலும் அது வந்து போன பதிவேடு தப்பியிருக்கலாம். ஒரு வரியில் தேதியும் பொருளும் இருக்கும், உங்களுக்கு வேண்டியது அந்தத் தேதிதானே. கிராமத்துப் பிறப்பு இறப்புப் பதிவேட்டையும் தாலுகாவில் கேட்டுப் பாருங்கள். 1980-இல் முன்சீப், கர்ணம் பதவிகளை எடுத்தபோது கணக்குகள் கைமாறின, எல்லாம் ஒழுங்காக வந்து சேரவில்லை, ஆனாலும் சில ஊரில் கட்டுக்குள் அப்படியே இருக்கின்றன.

இதில் ஒரு சிக்கல். உங்கள் மலையின் அந்தப் பக்கச் சரிவு அப்போது திருவிதாங்கூர். கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1-இல்தான் நம்மோடு வந்தன. விமானம் முகட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்து ஆட்கள் இந்தப் பக்கமாக இறக்கியிருந்தால், போலீஸ் காகிதம் திருவனந்தபுரத்தில், பிணம் பாளையங்கோட்டையில் என்று பிரிந்து கிடக்கும். இங்கே ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டும் முன் கேரள மாநில ஆவணக் காப்பகத்தையும் கேட்டுவிடுங்கள்.

கிறிஸ்தவ அடக்கம் என்றால் பாதிரியார் பதிவேடு. மதராஸ் மாகாணத்துத் திருச்சபை அடக்கப் பதிவுகளின் நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற தொடரில் சேர்ந்திருக்கின்றன, வம்சாவளித் தளங்களில் காசு கட்டிப் பார்க்கலாம். உள்ளூர்ச் சபையின் மூலப் பதிவேட்டை நேரில் போய்ப் பணிவாகக் கேட்டால் காட்டுவார்கள், அதில் விளிம்பில் ஏதாவது கிறுக்கி வைத்திருப்பார்கள், நகலில் அது வராது.

அந்தக் காலத்து நம் செய்தித்தாள்களில் நேரம் வீணாக்காதீர்கள். போர்க்காலத் தணிக்கை, விமானம் விழுந்தது என்று எந்த ஊர்ப்பெயரோடும் எழுத விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் செத்தவனுடைய சொந்த ஊர்ப் பத்திரிகை வேறு. பழைய பத்திரிகைகளை இணையத்தில் தேட ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் என்று இரண்டு தளங்கள், இரண்டும் இலவசம். பெயரைப் போட்டால் ஒவ்வொரு வருஷமும் அதே தேதியில் வீட்டார் கொடுத்த நினைவஞ்சலி விளம்பரம் வரும். "இந்தியாவில் விமான விபத்தில்" என்ற மூன்று சொல்லில் தணிக்கைக்காரன் மறைத்ததைத் தாய் எழுதியிருப்பாள்.

பரணில் இருக்கிற தகட்டுக்கு வருகிறேன். தயவுசெய்து அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எண் எல்லாம் போய்விடும். ஈரத்துணியால் துடைத்து, சாய்வான வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். கிரீடமும் ஏ.எம். என்ற எழுத்தும் குத்தியிருந்தால் பிரிட்டிஷ் முத்திரை. ஏ.என். என்று தொடங்குகிற எண் இருந்தால் அமெரிக்கத் தயாரிப்பு, ஆனால் அதனால் அமெரிக்க விமானம் என்று ஆகிவிடாது. கேட்டலினா, லிபரேட்டர், டகோட்டா, வெஞ்சன்ஸ் எல்லாம் அமெரிக்காவில் செய்து பிரிட்டிஷ்காரன் ஓட்டியவை. மலையில் இன்ஜின் பார்த்தவர் யாராவது இருந்தால் சிலிண்டரை எண்ணச் சொல்லுங்கள். வட்டமாகப் பதினாலு இருந்தால் கேட்டலினா, லிபரேட்டர், டகோட்டா மூன்றில் எதுவும் ஆகலாம், மூன்றுக்கும் ஒரே குடும்பத்து இன்ஜின். வெஞ்சன்ஸும் பதினாலுதான், ஆனால் அது ஒற்றை இன்ஜின், ஆளும் இரண்டே பேர். பதினெட்டு என்றால் தண்டர்போல்ட்டை நினையுங்கள். இரண்டு வரிசையில் வி மாதிரி பன்னிரண்டு என்றால் ஹரிக்கேன் மாதிரி ஒன்று, அதில் ஒரே ஆள்தான், அப்போது தாத்தாவின் ஐந்து பேர் கணக்கு உதைக்கும்.

கணக்கு உதைத்தால் தாத்தா பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. இரண்டு விபத்து ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம், இது ரொம்பச் சகஜம். என் அம்மா ஊரில் ஒரு சின்னக் கோயிலில் விமானத்துக் குண்டு என்று ஒரு இரும்பு உருளையை மணியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், சின்ன வயதில் நாங்கள் எல்லாரும் பயந்துகொண்டே அடிப்போம். பிற்பாடு அதில் இருந்த எழுத்தைப் பார்த்தால் ஆக்சிஜன் உருளை. விமானம் உண்மை, குண்டு கதை. உங்கள் தாத்தா நேரில் பார்த்தது எது, கேட்டுச் சொன்னது எது என்று பிரிக்க முடிந்தால் பிரியுங்கள். டோலி கட்டியதை அவர் கண்ணால் பார்த்திருந்தால் எத்தனை டோலி என்பது நம்பத்தகுந்த எண். எத்தனை இன்ஜின் என்று அவர் சொன்னது அவ்வளவு நம்பத்தகுந்தது கிடையாது.

ஆவணங்களும் ஒன்றுக்கொன்று சண்டை போடும். நாட்குறிப்பில் ஒரு தேதி, கல்லறையில் இன்னொரு தேதி இருக்கும். காணாமல் போன ஆளுக்கு மரணத் தேதியைப் பிறகு ஊகித்துத்தான் எழுதினார்கள். எந்தக் காகிதம் சம்பவ நாளுக்குப் பக்கத்தில், சம்பவ இடத்துக்குப் பக்கத்தில் எழுதப்பட்டதோ அதற்கு முதல் இடம் கொடுப்பது என் வழக்கம். மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதிய ஃபார்ம் 540-ஐவிட, பிணத்தைப் பார்த்த அதிகாரி அன்றே அனுப்பிய தந்திதான் எனக்குப் பெரிது.

கடைசியாக, ஆர்வத்தில் மலையேறிவிடாதீர்கள். அது இப்போது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988 முதல். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவதும் அங்கிருந்து ஒரு ஆணியை எடுத்து வருவதும் கேஸ் ஆகிவிடும். வெடிக்காத தோட்டா கிடந்தால் அது எண்பது வருஷம் ஆனாலும் தோட்டாதான். எலும்பு மாதிரி எதுவும் கண்ணில் பட்டதாக மேய்ச்சல்காரர் யாராவது சொன்னால் தொடாமல் போலீசுக்கும் வனத்துறைக்கும் சொல்லுங்கள், அங்கிருந்து அது கல்லறை ஆணையத்துக்குப் போகும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டே வேலை. தகட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. அப்புறம் உங்கள் பெரியப்பா, தாத்தாவோடு இருந்த ஆட்கள் யார் உயிரோடு இருக்கிறார்களோ அவர்களிடம் போய் போனில் பதிவு செய்யுங்கள், இடையில் பேசாமல், வருஷம் கேட்காமல். கேட்க வேண்டியதை மேலே சொல்லியிருக்கிறேன்: அறுப்பா நடுகையா, கொழும்புக் குண்டுக்கு முன்னா பின்னா, எத்தனை டோலி, எந்தப் பாதையில் இறக்கினார்கள், எங்கே புதைத்தார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் எனக்கு உடனே எழுதுங்கள், நந்தம்பாக்கம் பட்டியலை நானும் உட்கார்ந்து சலித்துத் தருகிறேன்.